வண்டிச் சத்தமும் ஒரு ‘ம்’மும்

எனக்குக் காது மந்தமாகத் தொடங்கி ஏழெட்டு வருடம் இருக்கும். அத்தனை வருடமும் அந்தப் பழியை எங்கள் பழைய காரின் மேல் போட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். கார் என்ன, மறுத்தா பேசப்போகிறது?

பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கிற பிரிவு. ஒவ்வோர் அடிக்கும் தரை அதிரும். காதில் செருகிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு போல ஒன்று கொடுப்பார்கள். சூப்பர்வைசர் வந்தால் அது காதுக்குப் போகும், அவர் தலை மறைந்ததும் சட்டைப் பைக்கு வந்துவிடும். பக்கத்து மெஷின்காரரோடு ஒரு வார்த்தை பேசாமல் எட்டு மணி நேரம் எப்படி நிற்பது? அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே கெடுத்துக்கொண்ட காது அது. மெஷின் பக்கம் இருந்த இடது காது ரொம்ப மோசம், வலது காது பரவாயில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் எனக்கிருந்த ஒரே உத்தியோகம் கார் ஓட்டுவதுதான். மனைவியைக் காய்கறி, மீன் வாங்கப் பாசாருக்குக் கூட்டிப்போவேன், கோயிலுக்குக் கூட்டிப்போவேன், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் காட்சிக்குக் கூட்டிப்போவேன். கார் பதினெட்டு வயதுக் கிழம். சைலன்சரில் ஓட்டை. எயர்கோனைப் போட்டால் உள்ளே மாவு மில் ஓடுகிற மாதிரி இருக்கும். மனைவி எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டே வருவாள். நான் ‘ம்’ என்பேன். சில நேரம் அவள் “என்னங்க, கேட்டிச்சா?” என்று தோளைத் தட்டுவாள். “இந்த இஞ்சின் சத்தத்துல என்னா கேக்கும்?” என்று எரிந்து விழுவேன். அத்தோடு பேச்சு முடியும்.

இந்த ‘ம்’மைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மவர்களுக்குள் ஒருவர் பேசினால் இன்னொருவர் ‘ம்’ கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் பேசுகிறவருக்குக் கோபம் வந்துவிடும், சுவரோடா பேசுகிறேன் என்பார். அந்த ஒற்றை எழுத்துக்குத்தான் எத்தனை வேலை. கேட்கிறேன் என்பதற்கும் ‘ம்’, சரி என்பதற்கும் ‘ம்’, அப்படியா என்பதற்கும் ‘ம்’, தொல்லை தாங்கவில்லை விடு என்பதற்கும் அதே ‘ம்’தான். காது மந்தமானவனுக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது. வாக்கியம் முடியும் இடத்தில் குரல் இறங்கும், அப்போது ஒரு சின்ன ‘ம்’. குரல் ஏறி முடிந்தால் அது கேள்வி, அதற்குத் தலையைக் கொஞ்சம் சாய்த்து ஒரு நீளமான ‘ம்ம்’. இதில் நான் நல்ல கெட்டிக்காரனாகியிருந்தேன். ஏழு வருடத்தில் ஒருமுறைகூட மாட்டவில்லை என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு.

ஏன் மறைத்தேன் என்று கேட்டால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கண் தெரியாதவரைக் கண்டால் நாம் கையைப் பிடித்துக் கூட்டிப்போவோம். காது கேட்காதவரைச் சுற்றி நின்று சிரிப்போம். என் பெரியப்பா ஒருவர் கடைசிக் காலத்தில் அப்படித்தான் கல்யாண வீடுகளில் எல்லோருக்கும் வேடிக்கையானார். “சாப்டீங்களா?” என்று கேட்டால் “அடுத்த மாசம்” என்பார். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த நாற்காலியில் போய் உட்கார எனக்கு மனமில்லை. போதாக்குறைக்கு, மகளுக்குத் தெரிந்தால் கார் சாவியை வாங்கி வைத்துவிடுவாள் என்ற பயமும் இருந்தது. சாவி போனால் நான் வீட்டில் வெறும் ஆள்.

இதில் ஒன்றை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை. கடைசி இரண்டு வருடமாக மனைவி காரில் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தாள். பாசார் போய் வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவாள். வயதாகிவிட்டது, அமைதியாகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். ‘ம்’ கொட்டும் வேலை குறைந்ததில் எனக்கு நிம்மதிகூட. இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கோலாலம்பூரிலிருந்து மகள் ஒரு மின்சாரக் காரில் வந்து இறங்கினாள்.

இறங்கினாள் என்பதைவிட, வாசலில் அது நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன் என்பதே சரி. கேட்டுக்கு முதுகைக் காட்டிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். திரும்பினால் பின்னால் ஒரு சின்ன வீடு நிற்கிறது. வந்த சத்தமே கேட்கவில்லை. திக்கென்றது, காது முழுதாகப் போய்விட்டதோ என்று. அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவும் துணி காயப்போட்டபடியே “ஐயோ, இது எப்ப வந்திச்சு?” என்று மகளிடம் கேட்டார். அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அப்போதுதான் மூச்சு வந்தது.

கரும்பச்சை நிறம். உயரமாக, அகலமாக, மூலை முடுக்கெல்லாம் மழுங்கி, ஆற்றில் உருண்ட கல்லைப் போல இருந்தது. முன்பக்கத்தில் காற்றுப் போக வேண்டிய கம்பி வலையே இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரே கோடாக விளக்கு. கதவைத் திறக்கக் கைப்பிடியைத் தேடினேன், இல்லை. உடம்போடு உடம்பாக ஒட்டிக்கிடந்தது, மகள் பக்கத்தில் வந்ததும் தானாக வெளியே நீண்டது.

“தடவிப் பாக்காதீங்க பா, கிட்ட போனா அதுவே தொறந்துக்கும்லா.”

உள்ளே பார்த்தால் மீட்டரும் இல்லை, பொத்தானும் இல்லை. ஓட்டுகிறவர் பக்கத்திலிருந்து மறுகதவுவரை ஒரே கண்ணாடித் திரை. மேலே கூரை முழுக்கக் கண்ணாடி, வானம் தெரிந்தது. பழுப்பு நிறத் தோல் இருக்கை, முதுகைப் பிடித்துவிடும், வியர்த்தால் அடியிலிருந்து காற்று விடும். என் மனைவிக்கு முட்டி வலி, இவ்வளவு உயரத்தில் எப்படி ஏறுவது என்று தயங்கி நின்றாள். மகள் திரையில் எதையோ தொட்டாள். வண்டி மெல்ல இறங்கித் தாழ்ந்து நின்றது.

மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னமோ சொன்னாள். மகள் சிரித்தாள். எனக்குக் கேட்கவில்லை. நானும் சிரித்து வைத்தேன். என்ன சொன்னாள் என்பதைப் பிறகு மகள் சொல்லித்தான் தெரியும்: “இந்த வீட்டுல எனக்காகக் குனிஞ்ச மொத ஆளு இதுதான்.”

மகள் வேலை விஷயமாக இரண்டு வாரம் வெளிநாடு போகிறாள். அவள் குடியிருக்கும் அடுக்குமாடியில் கார் நிறுத்துமிடத்தைப் பழுது பார்க்கிறார்கள். அதனால் காரை எங்களிடம் விட்டுப்போக வந்திருந்தாள். நீங்களே ஓட்டுங்கள், சும்மா போட்டு வைக்காதீர்கள் என்றாள். ஒரு மணி நேரம் எங்கள் குடியிருப்புத் தாமானைச் சுற்றி என்னை ஓட்டவிட்டு எல்லாம் காட்டினாள். பெடலிலிருந்து காலை எடுத்தாலே வண்டி நின்றுவிடும், பிரேக்கே தேவையில்லை என்றாள். கடைசியாக ஒன்று சொன்னாள், அதை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

“கண்ணாடி ரெண்டு லேயர் பா. வெளிய என்னா சத்தமா இருந்தாலும் உள்ள வராது. இஞ்சினும் கெடையாது. உள்ள ஊசி விழுந்தாகூட கேக்கும்.”

எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. ஊசி விழுந்தால் கேட்கும் என்றால் மனைவி பேசுவது கேட்காதா? ஏழு வருடமாக ஊருக்குச் சொன்ன பொய்யை எந்த நேரத்தில் நானே நம்பத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. சத்தம்தான் காரணம், சத்தம் நின்றால் காது சரியாகிவிடும் என்று மனதின் ஒரு மூலை உண்மையாகவே நினைத்திருக்கிறது.

மறுநாள் காலை கோயிலுக்கு எடுத்துப்போனோம். பூஜை போடாத காரில் தூரப் பயணம் போக மாட்டேன் என்று மனைவி உறுதியாக இருந்தாள். பூசாரி ஐயா குங்குமத் தட்டோடு வந்து காரின் முன்னால் நின்று திகைத்தார். வழக்கமாக முன்பக்கக் கம்பி வலையில்தான் மாலையைக் கட்டுவார், சந்தனம் பூசுவார். இதில் கட்ட ஒரு கம்பிகூட இல்லை. கைப்பிடி உள்ளே போயிருந்தது, வைப்பரும் ஒளிந்திருந்தது. சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கடைசியில் பக்கக் கண்ணாடி இரண்டிலும் மாலையைச் சுற்றினார். நான் கற்பூரம் தொட்டுக்கொள்ள நாலடி தள்ளிப் போனேன். சாவி தூரம் போனதும் வண்டி தானாகப் பூட்டிக்கொண்டது, பக்கக் கண்ணாடி இரண்டும் மடங்கிக்கொண்டன, மாலை இரண்டும் கசங்கித் தொங்கின. “சாமிக்குப் போட்டதப் பறிக்குதே இது,” என்றார் பூசாரி. மனைவி ஓடிப்போய் உதிர்ந்த செவ்வந்தியைப் பொறுக்கினாள்.

பிறகு நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினேன்.

“ஸ்டார்ட் பண்ணுங்கய்யா,” என்றார் பூசாரி.

“பண்ணியாச்சுங்க.”

“எங்க, சத்தத்தயே காணோமே?”

“ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

அவர் குனிந்து பானெட்டில் காதை வைத்தார். கோயிலுக்கு வந்திருந்த நாலைந்து பேரும் கிட்டே வந்து தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். ஒருவர் காதருகே கையைக் குவித்தார். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடம் ஊரே என்னைப் போல ஆகிவிட்டது, எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குஷி. வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துத்தான் பெடலை அழுத்தினேன். வண்டி எலுமிச்சைகளை நசுக்கிக்கொண்டு முன்னால் போனது.

கோயிலிலிருந்து நேராகப் பெம்பானுக்கு. மனைவியின் தங்கை அங்கே புது வீடு கட்டிக் குடிபோகிறாள், மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள்.

ஜாசின் பக்கம் திரும்பும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. வண்டி போவதே தெரியவில்லை. மேடு பள்ளம் எல்லாம் யாருக்கோ நடக்கிற மாதிரி கீழே நடந்தது. செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பழைய கார் என்றால் மூன்றாம் கியருக்கு இறக்கி, உறுமவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் தாண்டுவேன். இதில் பெடலை லேசாக அழுத்தினேன். முதுகு இருக்கையோடு ஒட்டியது, வயிறு பின்தங்கிப் பிறகு வந்து சேர்ந்தது. லோரி கண்ணாடியில் சிறுத்துப்போனது. எந்த உறுமலும் இல்லை. மனைவி என் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். ஏதோ திட்டினாள்.

திட்டினாள் என்பது முகத்தில் தெரிந்தது. என்ன திட்டினாள் என்பது தெரியவில்லை.

அங்கேதான் எனக்கு உறைத்தது. இஞ்சின் இல்லை. காற்றுச் சத்தம் இல்லை. எயர்கோன் ஓடுவதே தெரியவில்லை. இரண்டடி தூரத்தில் என் மனைவி உதட்டை அசைத்துப் பேசுகிறாள், எனக்கு வருவது ‘ஆ’, ‘ஓ’ என்று நீளும் இடங்கள் மட்டும். எழுத்துகளின் விளிம்பெல்லாம் தேய்ந்து, பக்கத்து வீட்டு வானொலி மாதிரி வெறும் குரல் மட்டும் வந்தது. பழி போட ஒன்றுமே மிச்சமில்லை. பழக்கதோஷத்தில் ‘ம்’ என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

நிலைமையை மாற்ற வேண்டும் என்று, மகள் சொல்லிக்கொடுத்தபடி காரோடு பேசினேன். குளிரைக் குறை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். திரையில் விளக்கு மினுங்கியது, அவ்வளவுதான். குளிர் குறையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மினுங்கியது. பிறகு இன்னொரு முறை.

மனைவி என் கையைத் தொட்டாள். இந்த முறை முகத்தை என் பக்கம் திருப்பிச் சத்தமாகச் சொன்னாள். “அது உங்ககிட்டத்தான் கேக்குது. எவ்ளோ கொறைக்கணும்னு. மூணு தடவ கேட்டிருச்சு.”

“இந்த இஞ்சின் சத்தத்துல…” என்று ஆரம்பித்தேன்.

வாக்கியம் பாதியில் நின்றது. ஏழு வருடம் என்னைக் காப்பாற்றிய வாக்கியம் அது. எந்த இஞ்சின்? நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். பெம்பான் வரும்வரை காருக்குள் இருந்த அமைதியைப் போல ஓர் அமைதியை நான் அனுபவித்ததில்லை.

தங்கை வீட்டில் சாப்பாடு நன்றாக இருந்திருக்கும். எனக்கு ருசி ஏறவில்லை. தப்பிக்க ஒரு வழி கிடைத்தது. தங்கையின் கணவர், என் சகலை, காரைப் பார்த்து வாயைப் பிளந்தார். அவரை ஏற்றிக்கொண்டு நேர்ச்சாலையில் ஓர் அழுத்து அழுத்தினேன். அவர் கூச்சல் போட்டார். பிறகு அவர் தம்பி, பிறகு அவர் மச்சான், பிறகு பந்தல் போட வந்தவர். ஒவ்வொருவருக்கும் அதே அழுத்து, அதே கூச்சல். கூச்சல் எனக்கு நன்றாகக் கேட்டது. யாரும் என்னிடம் பதில் வேண்டியிருக்கவில்லை. மனைவி வாசலில் தங்கையோடு நின்று நான் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது திரையில் பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. முதல்நாள் ராத்திரி வீட்டில் செருக வேண்டிய வயரை நான் செருகவில்லை, இருந்ததையும் சகலை வீட்டாருக்குக் காட்டித் தீர்த்தாயிற்று. கார் தானே வழி காட்டியது, ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் சார்ஜ் போடும் இடம் இருந்தது. வயரைச் செருகினேன். நாற்பது நிமிடம் என்றது திரை. பெட்ரோல் என்றால் ஐந்து நிமிடத்தில் ஊற்றிக்கொண்டு ஓடிவிடலாம். இதில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

“உள்ள போய்த் தண்ணி குடிக்கலாமா?” என்றேன்.

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னாள். குரல் ஏறி முடிந்தது. கேள்வி. நான் தலையைச் சாய்த்து ஒரு நீளமான ‘ம்ம்’ போட்டேன்.

அவள் திரும்பினாள். “நான் இப்ப என்னா கேட்டேன்?”

நான் திரையைப் பார்த்தேன்.

“நாளைக்கு வேற ஆளக் கல்யாணம் கட்டிக்கப் போறேன், உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டேன். ம்னு சொன்னீங்க.”

வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம். அவள் சிரிக்கவில்லை. இப்போது அவள் என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினாள். அதனால் பெரும்பாலும் புரிந்தது.

“ரெண்டு வருஷத்துக்கு முன்ன, இதே தங்கச்சியோட பழைய வீட்டுல இருந்து வர்றப்ப, பழைய காடியில, உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?”

“என்னா சொன்ன?”

“மார்ல கட்டி மாதிரி ஒண்ணு இருக்குன்னு சொன்னேன். கிளினிக்ல பாத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க, வியாழக்கெழம ஊசி போட்டு எடுத்துப் பாப்பாங்களாம், நீங்க வர்றீங்களா, இல்ல நானே போய்க்கவான்னு கேட்டேன்.”

என் முகத்தைப் பார்த்தபடியே முடித்தாள்.

“ம்னு சொன்னீங்க.”

வருகிறீர்களா, நானே போகவா என்ற கேள்விக்கு ‘ம்’ பதிலே இல்லை. ஆனாலும் அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? வியாழக்கிழமை காலை சேலை கட்டி, கைப்பையோடு ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள், ஒருவேளை ஞாபகம் வந்து கூப்பிடுவேனோ என்று. நான் பசியாறக் கடைக்குப் போய்விட்டேன், பேப்பர் படித்துவிட்டுப் பதினோரு மணிக்கு வந்தேன். அவள் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு டாக்சியில் போயிருக்கிறாள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்திருக்கிறது, வெறும் கொழுப்புக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று. அந்த ஒரு வாரம் என் எதிரிலேயே சமைத்தாள், பரிமாறினாள், துணி மடித்தாள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் காரில் பேசுவதை நிறுத்தியிருக்கிறாள். நான் நிம்மதி என்று நினைத்த அமைதி அது.

“கேக்கல,” என்றேன்.

“என்னாது?”

“அன்னிக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கல. எனக்குக் காது கேக்கறதில்ல. ஏழு வருஷமாச்சு. இப்ப நீ பேசறதுகூட பாதி உன் வாயப் பாத்துத்தான் தெரியுது.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் ஆறுதலாக இருக்கும் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. அவள் முகம் சிவந்தது. முப்பத்து நாலு வருடக் குடித்தனத்தில் நான் கேட்டிராத குரலில் கத்தினாள். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும் அளவுக்குக் கத்தினாள்.

“காது கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சத்தமா சொல்லியிருப்பேன்ல! எழுதிக் குடுத்திருப்பேன்ல! ரெண்டு வருஷமா நான் என்னா நெனச்சிக்கிட்டு இருந்தேன் தெரியுமா உங்களுக்கு? செத்தாலும் பரவால்லன்னு விட்டுட்டாரு, இந்த மனுசனுக்கு நெஞ்சே இல்லன்னு நெனச்சேன். நான் அப்படி நெனச்சாலும் உங்களுக்குப் பரவால்ல. செவிடுன்னு நாலு பேரு சொல்லக் கூடாது, அதான் பெருசு.”

வெளியே ஜனங்கள் தள்ளுவண்டியில் சாமான் வைத்துத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு லேயர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் மனைவி இரண்டு வருடத்தைக் கொட்டிக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம் ஒரு சொல்கூடப் போகவில்லை. வீட்டில் என்றால் அக்கம்பக்கத்துக்கு அஞ்சி அவள் இப்படிக் கத்தியிருக்க மாட்டாள். நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அவள் வாய் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. சிரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் நான் அவளைத் தனியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். காதின் மேல் பழியைப் போடவும் முடியாது, காது போனது அவளிடம் சொல்லாததற்குக் காரணம் ஆகாது.

கத்தி ஓய்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் சதவீதம் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள். குரல் இறங்கியிருந்தது, இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் புரிந்தது.

“எந்தக் காது கொஞ்சமாச்சும் கேக்கும்?”

வலது காதைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் அந்தக் காதைப் பார்த்தாள். தன்னைப் பார்த்தாள். முப்பத்து நாலு வருடமாக என் இடது பக்கம் உட்கார்ந்து வந்திருக்கிறாள். கதவைத் திறந்து இறங்கினாள், அந்த முட்டியோடு காரின் முன்பக்கமாகச் சுற்றி வந்தாள். என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“எறங்குங்க. அந்தப் பக்கம் போய் உக்காருங்க.”

நான் போய் அவளுடைய இடத்தில் உட்கார்ந்தேன். அவள் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. இருக்கை என் உயரத்துக்கு வைத்தது, கால் பெடலுக்கு எட்டவில்லை. என் பக்கமாகச் சாய்ந்து, என் வலது காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்தாள். கத்தவில்லை. எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

“அன்னிக்கு எனக்கு ரொம்ப பயமா இருந்திச்சுங்க.”

ஓர் எழுத்துகூட விடாமல் கேட்டது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அந்த வியாழக்கிழமையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். சார்ஜ் ஏறி முடிய இன்னும் இருபத்தாறு நிமிடம் இருந்தது.